எருமப்பட்டிக்கு வந்த ஜப்பான்

மயில்சாமிக் கவுண்டர் ஒரு நல்ல நாள் பார்த்து ஜப்பான்காரராக மாறிவிடுவதென்று தீர்மானித்தார்.

கப்பலேறும் உத்தேசமெல்லாம் இல்லை. எருமப்பட்டியை விட்டு அவர் அதிக தூரம் போனது ஏற்காட்டுக்குத்தான். அதுவும் ஏலத்துக்கு. அங்கே காப்பித் தோட்டத்துத் துரை ஒருவன் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமானையெல்லாம் ஏலம் விட்டான். தேக்குக் கட்டில், ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ, சாய்வு நாற்காலி, வட்ட மேஜை, தொப்பி மாட்டுகிற ஸ்டாண்டு என்று இருந்ததையெல்லாம் கவுண்டர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர் தலை தொப்பியைக் கண்டதே கிடையாது. ஸ்டாண்டில் மாட்டுக் கயிறு தொங்கியது. அதனால் என்ன? நாலு வருஷம் அந்தக் கூடத்தில் அவர் துரையாகவே வாழ்ந்தார். நிலக்கடலை விலை பேச வருகிற வியாபாரிகளை நிற்க வைத்துவிட்டுத் தான் மட்டும் சாய்ந்துகொள்வார். விலை படியாவிட்டாலும் மனசு நிறைந்துவிடும்.

போன தை மாதம் மூத்த மகள் தெய்வநாயகியை ஜேடர்பாளையத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது அவர் மனைவி சௌந்திரம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கட்டிலையும் பீரோவையும் நாயகிக்குச் சீரோட அனுப்பிச்சுடலாமுங்களா?"

"துரை படுத்த கட்டில் புள்ள அது! அதுல படுத்தா எனக்குக் கனாவே இங்கிலீசுல வருது."

"உங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியாதுங்களே?"

"அதனாலதான் என்ன கனான்னு ஒண்ணும் புரிய மாட்டேங்குது. அதுக்காக வர்ற கனாவை உட்டுட முடியுமா?"

மகள் பித்தளையும் வெண்கலமுமாக ஒரு வண்டிப் பாத்திரத்தோடு புகுந்த வீடு போனாள். அவள் மாமியார் அங்காளம்மாள் கெட்டவளல்ல. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "சம்பந்தி ஊட்டுல எல்லாமே செஞ்சாங்க, ஒரு கொறையும் வெக்கல" என்று ஆரம்பிப்பாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "கட்டில்தான் வரல" என்று முடிப்பாள். ஆடி நோம்பிக்குப் பிறந்த வீடு வந்த நாயகி அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுத அழுகையைக் கவுண்டர் பார்க்கவில்லை. அவர் கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆவணி பிறந்ததும் தண்டாயுதபாணி வந்தான். சௌந்திரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. சேலத்தில் ஜவுளிக் கடை வைத்திருந்தான். அந்த வருஷங்களில் கடைவீதியில் எதை எடுத்தாலும் ஜப்பான்தான். பொம்மை ஜப்பான், பீங்கான் ஜப்பான், பட்டு மாதிரி மினுக்குகிற துணி ஜப்பான். துணிப் பேல்களோடு வந்த படப் புத்தகம் ஒன்றை அவன் கவுண்டர் முன்னால் விரித்தான்.

"பாருங்க மாமா. இதுதான் இப்பப் புது மோஸ்தரு. டோக்கியோவுல பெரிய பெரிய கோடீசுவரனெல்லாம் இப்பிடித்தான் இருக்கறான்."

கவுண்டர் பார்த்தார். கூடம் முழுக்கப் பாய். நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சட்டம் அடித்து ஒட்டிய வெள்ளைக் காகிதம். வேறு ஒரு சாமானும் இல்லை. நடுவில் ஒரு மனிதன் அகலக் கை வைத்த நீள அங்கி போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"இவன் நாற்காலியெல்லாம் எங்க?"

"அதெல்லாம் பழசுங்க மாமா. சீமையிலேயே நாக்காலியைத் தூக்கிப் போட்டுட்டாங்களாமா. நாலு காலு வெச்ச சாமான் ஊட்டுல கெடந்தா, நாகரிகந் தெரியாதவன்னு நெனைக்கறாங்களாமா."

கவுண்டருக்குப் பகீரென்றது. தன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் நாலு கால். நாலு வருஷமாக ஊரெல்லாம் தன்னைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறதோ? தண்டாயுதபாணி பையிலிருந்து அந்த அங்கியையும் எடுத்து நீட்டினான். வெள்ளை வெளேரென்று வழவழப்பு. முதுகில் ஒரு கொக்கு. போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

சௌந்திரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்க. கையி ஒண்ணொண்ணுலயும் அரை மூட்டை கடலைக்காய் புடிக்குமாட்ட இருக்குது."

"இது கிமோனோ! உனக்கென்ன தெரியும்?"

"எனக்கென்னங்க தெரியும்? கொக்கு தெரியுது."

அன்று ராத்திரி முழுக்கக் கவுண்டர் ஒரு சண்டைக்குத் தயார் செய்துகொண்டார். நாற்காலி மேஜையையெல்லாம் வெளியேற்றப் போகிறேன் என்றால் அவள் என்ன சொல்வாள்? 'கட்டிலைக் கேட்டபோது குடுக்கல, இப்பக் கடலைக் கிடங்குல போடறீங்களா?' என்பாள். அதற்கு இவர் இப்படி மடக்குவார். அவள் அழுவாள். இவர் அப்படி அதட்டுவார். எல்லாப் பதிலும் விடிவதற்குள் தயார்.

காலையில் விஷயத்தைச் சொன்னார். அவள் மோர் கடைந்துகொண்டிருந்தாள்.

"சரிங்க" என்றாள்.

கவுண்டர் காத்திருந்தார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"என்ன சரிங்க? கட்டில், பீரோ எல்லாந்தான் போகுது."

"போகட்டுமுங்க."

"கண்ணாடியும் போகுது. அப்பறம் நீ பொட்டு எதுல பாத்து வெப்ப?"

"இத்தனை வருசத்துல நெத்தி எடம் மாறவா போகுதுங்க? நீங்க ஒண்ணும் அலட்டிக்காதீங்க. சாமானை எங்க போடறதுங்கறதை எங்கிட்ட உட்டுடுங்க. கிடங்குல போட்டாக் கரையான் அரிச்சுப் போடும். பத்தரமான எடமாப் பாத்து நான் வெச்சுக்கறேன்."

ராத்திரியெல்லாம் சேர்த்து வைத்த பதில்கள் வயிற்றுக்குள் அஜீரணமாகக் கிடந்தன. ஒரு பதிலையாவது வீணாக்காமல் சொல்லிவிட வேண்டுமென்று, "பேச்சுக்குப் பேச்சு எதுத்துப் பேசாத!" என்று அதட்டினார். அவள் "சரிங்க" என்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

பண்ணையாள் பொன்னன் வண்டியைப் பூட்டி வந்தான். கட்டில் கால் கழன்றது, பீரோ சாய்ந்தது, நாற்காலி ஏறியது. சின்ன மகள் அத்தாயி, பதினைந்து வயசுக்காரி, கண்ணாடியில் கடைசியாக ஒரு தடவை ஜடையைப் பார்த்துக்கொண்டாள். வண்டி தெருவைத் தாண்டிப் போனதை ஊரே வாசலில் நின்று பார்த்தது.

பிறகு ஜப்பான் வேலை தொடங்கியது. மோகனூர்ப் பக்கத்துக் கோரைப்பாய் கூடமெல்லாம் விரிந்தது. மூங்கில் சட்டத்தில் வெள்ளைக் காகிதத்தைக் கஞ்சிப் பசை போட்டு ஒட்டி நாலு மறைப்பு நிறுத்தினார்கள். நடுவில் வைக்கக் குட்டையாக ஒரு பலகை வேண்டுமென்றார் கவுண்டர்.

"மணைங்களா?" என்றாள் சௌந்திரம்.

"மணையில்ல. ஜப்பான் பலகை."

அவள் உள்ளே போய்த் தன் கல்யாணத்தில் வந்த மணையையே எடுத்து வந்து போட்டாள். படத்தில் இருந்தது போலவே இருந்தது. செருப்பை வாசலில் விட வேண்டும் என்றார். எப்போதுமே அங்கேதான் விடுவார்கள். கீழே உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்றார். அவரைத் தவிர வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல சௌந்திரம் "அப்பிடிங்களா!" என்று ஆச்சரியப்பட்டாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

எல்லாம் முடிந்தது. ஊரார் பார்க்காத நாகரிகம் நாகரிகமா? கவுண்டர் பொன்னனைக் கூப்பிட்டார்.

"ஊடு ஊடாப் போயி, சாயங்காலம் எல்லாரையும் நம்ம ஊட்டுக்கு வந்துட்டுப் போகச் சொல்லு."

"எதுக்குன்னு கேட்டா என்னன்னு சொல்றதுங்க பண்ணாடி?"

"வந்தாத் தெரியும்னு சொல்லு."

பொன்னன் போனான். கவுண்டர் கிமோனோவைப் போட்டுக்கொண்டு பாயின் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்தார். வருகிறவர்களுக்கு ஜப்பான் முறைப்படி நெற்றி பாயில் படக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று தண்டாயுதபாணி சொல்லியிருந்தான். இரண்டு தடவை குனிந்து பழகிக்கொண்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

இங்கேதான் கவுண்டர் ஒரு சின்ன விஷயத்தை யோசிக்கத் தவறிவிட்டார். அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டுக் கூடத்திலிருந்து சாமான்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, வெறும் பாயை விரித்து, வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. பண்ணையாள் வீடு வீடாகப் போய்க் காரணம் சொல்லாமல் வரச் சொன்னால் அதற்கும் அதே அர்த்தம்தான். கட்டில் வண்டியேறிப் போனதை வேறு ஊரே பார்த்திருந்தது.

முதலில் ஆண்கள் வந்தார்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்தார்கள். என்ன மரியாதை, என்ன அடக்கம் என்று கவுண்டர் பூரித்துப் போனார். ஒவ்வொருவருக்கும் நெற்றி பாயில் படக் குனிந்தார். எழுந்திருக்க நேரம் பிடித்தது.

"பாவம், தலையைத் தூக்கக்கூட முடியல" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்.

"மனசைத் தேத்திக்குங்க" என்றார் இன்னொருவர்.

எதற்கு மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டும்? கவுண்டர் குழம்பினார். ஒருவேளை கூடம் இவ்வளவு அழகாக அமைந்ததில் இவர்களுக்குப் பொறாமையோ? "எல்லாம் ஆண்டவன் செயல்" என்று அடக்கமாகச் சொல்லி வைத்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

அப்போது தெருக்கோடியிலிருந்து ஒரு கூக்குரல் கிளம்பியது. சௌந்திரத்தின் உயிர்த் தோழி ராமாத்தாள். பின்னால் பத்துப் பெண்கள். எழவு வீட்டுக்கு வருகிற பெண்கள் முதலில் அழுது முடிப்பார்கள். செத்தது யார் என்பதை அப்புறம் நிதானமாகக் கேட்டுக்கொள்வார்கள். அதுதான் முறை. ராமாத்தாளோ யாரையும் கேட்கவில்லை. கவுண்டர் வெள்ளைத் துணியோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார், சௌந்திரத்தைக் காணோம். அவளுக்கு அது போதுமாயிருந்தது. மாரில் அடித்துக்கொண்டு எடுத்துவிட்டாள்:

"மோரு கடைஞ்ச கையி முடங்கிருச்சோ எங்கம்மா!
மூத்த மக கட்டிலுக்கு ஏங்கினயே எங்கம்மா!
கல்லாட்டப் புருசங்கிட்டக் கேட்டயே எங்கம்மா!
கேட்டதுந்தான் கெடைக்கலியே, கண்ணு மூடிப் போனயே!"

பத்துப் பெண்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கவுண்டர் வெலவெலத்துப் போனார். ஜப்பானில் வீடு பார்க்க வருகிறவர்கள் இப்படித்தான் அழுவார்களா? தண்டாயுதபாணி சொல்லவில்லையே! பாட்டில் யாரோ ஒரு கல்லாட்டப் புருஷன் வருகிறானே, அது யார்? ஆண்கள் எல்லோரும் ஏன் தன்னையே முறைத்துப் பார்க்கிறார்கள்?

"ஒரு கட்டில்தானுங்க? பெத்த மகளுக்குக் குடுத்திருக்கலாம்" என்றார் ஊரில் மூத்தவர்.

காகித மறைப்புக்குப் பின்னாலிருந்து மோர்ச் சொம்போடு சௌந்திரம் வெளியே வந்தாள்.

ராமாத்தாள் வீறிட்டாள். இரண்டு பெண்கள் வாசலைப் பார்த்து ஓடினார்கள். ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். களேபரத்தில் வாசலில் கட்டியிருந்த வெள்ளாடு அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்து, கஞ்சி வாசனை பிடித்து ஒரு ஜப்பான் சுவரைத் தின்ன ஆரம்பித்தது.

"எதுக்கு நிறுத்திப்போட்டீங்க?" என்றாள் சௌந்திரம். "இன்னும் சித்த நேரம் அழுவுங்க. கேக்க நல்லாத்தான் இருக்குது."

எல்லோரும் மோர் குடித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர இருட்டிவிட்டது. கவுண்டர் அங்கியைக் கழற்றி எறிந்தார். வெட்கம் ஒரு பக்கம். உயிரோடிருக்கிற பெண்டாட்டிக்கு ஊர் கூடி ஒப்பாரி வைத்ததைக் காதால் கேட்ட பயம் இன்னொரு பக்கம். பயம்தான் பெரிசாயிருந்தது. இருபது வருஷமாக அதட்டினாலும் அவள் இல்லாத வீட்டை அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஜப்பானும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நாளைக்கே கட்டில், நாக்காலி எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாரச் சொல்லு."

"அதெப்பிடிங்க?" என்றாள் சௌந்திரம் மெதுவாக. "எழவு உழுந்த ஊட்டுல இருந்து வெளிய போன சாமான் மறுபடி வாசப்படி ஏறலாமுங்களா?"

"எழவே உழுவலையே புள்ள!"

"அழுதாச்சுங்களே."

கவுண்டர் எறிந்த அங்கியை எடுத்து உதறினார்.

"எனக்கொண்ணுமில்லீங்க" என்று அவளே தொடர்ந்தாள். "ஊரு அழுதது என்னைத்தானே? சாமான் திரும்பி வந்து ஏதாச்சும் ஆச்சுன்னா, போறது நான்தானுங்க. நீங்க சொகமாக் கட்டில்ல படுத்து இங்கிலீசுல கனாக் கண்டுக்கிட்டு இருங்க."

"வாயைக் கழுவு!" என்று கவுண்டர் கத்தினார். "அந்தக் கட்டிலும் வேண்டாம், கனாவும் வேண்டாம். எல்லாத்தையும் நாயகிக்கே குடுத்துடறேன். போதுமா?"

"உங்க இஷ்டமுங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

இப்படியாகக் கவுண்டர் தம் வாழ்நாளில் முதல் தடவையாகத் தாராள மனசுக்காரரானார். ஆனதும் அது அவருக்கு ரொம்பவும் பிடித்துப் போயிற்று. சீர் வரப்போகிற சேதியைத் தாமே நேரில் போய்ச் சொல்லி, சம்பந்தியம்மா மூக்கின் மேல் விரல் வைப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நாமக்கல்லுக்கு மோட்டார் பஸ் ஏறினார். அங்கிருந்து மாட்டு வண்டி பிடித்து ஜேடர்பாளையம் போய்ச் சேர்ந்தார்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் காலை வைத்தார். வைத்த கால் அப்படியே நின்றது.

எதிரே ஆளுயரக் கண்ணாடியில் ஒரு மனிதர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அது தாமேதான் என்று தெரியக் கொஞ்ச நேரமாயிற்று. பக்கத்தில் அவருடைய வட்ட மேஜை. மூலையில் அவருடைய ஸ்டாண்டு, அதில் சம்பந்தியின் தலைப்பாகை. அவருடைய சாய்வு நாற்காலியிலிருந்து அங்காளம்மாள் எழுந்து வந்தாள்.

"வாங்க சம்பந்தி! உக்காருங்க, உங்க நாக்காலிதான்! உங்களாட்ட மனசு ஆருக்கு வரும்? அந்தக் கட்டில்ல படுத்துப் பழகி எனக்கு இப்பப் பாயில தூக்கமே வர மாட்டேங்குது."

தெய்வநாயகி ஓடிவந்து அப்பாவின் காலைத் தொட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்ததே இல்லை. அதனால் போட நினைத்த சத்தத்தை விட்டுவிட்டு அவள் தலையில் கை வைத்தார்.

"இதெல்லாம்... எப்ப வந்துதுங்க?" என்று ஈனக் குரலில் கேட்டார்.

"உங்க பொன்னன் நேரா இங்கதானுங்க ஓட்டியாந்தான். உங்க ஊட்டுல எழவுன்னு ஒரு பொரளி கெளம்புச்சே, அதுக்கு முந்தியே வந்துருச்சு. சம்பந்தியம்மா சொன்னாச் சொன்னபடிதானுங்க. ஆடி நோம்பி முடிஞ்சு நாயகியைக் கொண்டாந்து உட்டப்பவே சொன்னாங்க, 'எங்க ஊட்டுக்காரரு அடுத்த மாசம் சப்பானு முறைக்கு மாறப் போறாருங்க, அப்பக் கட்டில் வந்துரும்'னு."

கவுண்டர் மாதங்களை விரல் விட்டு எண்ணினார். தண்டாயுதபாணி புத்தகத்தோடு வந்தது ஆவணியில். அதற்கு முன்னால் ஜப்பான் என்றொரு தேசம் எந்தத் திசையில் இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. இவருக்கே தெரியாத இவருடைய ஆசை ஆடியிலேயே ஜேடர்பாளையத்துக்கு வந்து சேர்ந்தது எப்படி? எண்ணினார், மறுபடி எண்ணினார். எப்படி எண்ணினாலும் ஆவணிக்கு முன்னால் ஆடிதான் வந்தது.

வீடு திரும்பும் வழியில் கோபம் வந்தது. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. கோபம் போயிற்று. அப்புறம் அந்தச் சாய்வு நாற்காலி நினைவுக்கு வந்தது. கோபம் திரும்பி வந்தது.

சௌந்திரம் மணையைப் போட்டு வட்டிலை வைத்தாள். அத்தாயி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏ சௌந்திரம். எனக்கு ஜப்பான் மேல ஆசை வந்தது எந்த மாசம்?"

"ஆவணியிலீங்க."

"உனக்கு அது எப்பத் தெரியும்?"

"ஆடியிலீங்க. இன்னுங் கொஞ்சம் களி வெக்கட்டுங்களா?"

"தண்டாயுதபாணிக்கு?"

"அவன் எந்தம்பிங்க. நாஞ் சொல்லாம அவனுக்கென்ன தெரியும்?"

இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்கிற ஒருத்தியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது? கவுண்டர் களியை உருட்டிக்கொண்டே யோசித்தார். ஆண்பிள்ளை என்றால் கடைசி வார்த்தை அவனுடையதாக இருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போனது போகட்டும். ஏற்காட்டுல இன்னொரு துரை சீமைக்குப் போறானாமா. ஐப்பசியில ஏலம். இதைவிடப் பெரிய கட்டில், இதைவிடப் பெரிய பீரோ எடுத்துப் போடறேன். யாரு தடுக்கறாங்கன்னு பாக்கறேன்."

"நான் எதுக்குங்க தடுக்கறேன்?" என்றாள் சௌந்திரம், மோரை ஊற்றிக்கொண்டே. "நல்ல தேக்காப் பாத்து எடுங்க. வர்ற தைக்கு அத்தாயிக்கும் ஒரு எடம் பாத்துடலாம்னு இருக்கறேன். அதுக்குள்ள தண்டாயுதபாணிகிட்டச் சொல்லி, சீனாப் படமாட்ட ஏதாச்சும் ஒண்ணு கொண்டாரச் சொல்றேனுங்க."